புரதத்தின் வடிவம்: கணினிக்குப் பாடம் சொன்னவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

2024ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி, இயற்கையில் இல்லாத புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்குச் சென்றது. மறுபாதியை டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். இவர்கள் உருவாக்கியது ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரல். ஒரு புரதத்தில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோக்கப்பட்டிருக்கின்றன என்று சொன்னால் போதும். அந்தச் சங்கிலி மடிந்து எந்த வடிவம் கொள்ளும் என்பதை அது கணித்துவிடும். மகத்தான சாதனை, பரிசும் தகுதியானவர்களுக்கே போயிற்று. ஆனால் அதையொட்டி எழுந்த ஒரு பேச்சு எனக்கு வேதனை தருகிறது. 'கணினியே சொல்லிவிடும்போது இனி ஆய்வுக்கூடம் எதற்கு?' என்று கேட்கிறார்கள். அந்தக் கணினிக்குப் பாடம் சொன்னது யார் என்று கேட்க மறந்துவிடுகிறார்கள்.

1912இல் மாக்ஸ் ஃபான் லாவே, படிகத்தின் வழியே எக்ஸ் கதிர்களைச் செலுத்தினால் அவை ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறும் என்று காட்டினார். அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் வழியைத் தந்தையும் மகனுமான பிராக் இருவரும் கண்டார்கள். உப்புக்கு அது எளிதாகப் பலித்தது. புரதத்திற்குப் பலிக்கவில்லை. புரதப் படிகத்தைக் காற்றில் உலரவிட்டால் அதன் உள்ளொழுங்கு குலைந்துவிடும். 1934இல் ஜே. டி. பெர்னலும் டோரதி ஹாட்ஜ்கினும் பெப்சின் என்ற செரிமானப் புரதத்தின் படிகத்தை அது வளர்ந்த நீர்மத்தோடு சேர்த்தே மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்துப் படமெடுத்தார்கள். புள்ளிகள் தெளிவாக விழுந்தன. புரதங்களுக்கும் அணு அணுவான ஒழுங்கு உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று.

மறு ஆண்டே ஹாட்ஜ்கின் இன்சுலினைப் படமெடுத்தார். அதன் முழு வடிவம் 1969இல்தான் தெரிந்தது. இடையில் 34 ஆண்டுகள்! அதற்குள் அவர் பெனிசிலினின் அமைப்பையும் வைட்டமின் பி12இன் அமைப்பையும் கண்டறிந்து நோபல் பரிசும் பெற்றுவிட்டார். மூட்டுவாதம் கைவிரல்களை வளைத்துவிட்ட பின்னும் இன்சுலினைக் கைவிடவில்லை.

ஏன் இத்தனை காலம் பிடித்தது? எக்ஸ் கதிர் படத்தில் புள்ளியின் பிரகாசம் மட்டுமே பதிவாகும். அந்தக் கதிரின் அலை வந்து சேர்ந்தபோது முகட்டில் இருந்ததா, பள்ளத்தில் இருந்ததா என்பது தொலைந்துபோகும். அது தெரியாமல் வடிவத்தை மீட்க முடியாது. ஈமோகுளோபினோடு பல ஆண்டுகள் போராடிய மாக்ஸ் பெரூட்ஸ் 1953இல் இதற்கு வழி கண்டார். புரதத்தில் கனமான பாதரச அணுவைப் பிணைத்து ஒரு படம், பிணைக்காமல் ஒரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் தொலைந்த செய்தி திரும்பக் கிடைக்கும். அதே முறையால் ஜான் கென்ட்ரூ 1958இல், தசையில் ஆக்சிஜனைச் சேமிக்கும் மயோகுளோபினின் வடிவத்தைக் கண்டார். புரதம் ஒன்றின் முப்பரிமாண வடிவத்தை மனிதர் பார்த்தது அதுவே முதல் முறை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன் வேறொரு கேள்வி கேட்டார். அணுக்கள் ஒன்றின் மேலொன்று முட்டிக்கொள்ளாமல் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும்? ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட, அந்தக் கோணங்களைக் காட்டும் வரைபடத்தைக் கொண்டுதான் இன்றும் புதிய புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். அறுபது ஆண்டுகள் கடந்தும் அன்றாட வேலையில் இருக்கும் கருவி அது.

நான் மிகவும் போற்றும் நிகழ்வு 1971இல் நடந்தது. கண்டறிந்த வடிவங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று படிகவியலாளர்கள் முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 7 வடிவங்களோடு புரதத் தரவு வங்கி தொடங்கியது. ஆயுளில் பாதியைக் கொடுத்துப் பெற்ற முடிவைப் பொதுவில் வைக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. பிற்பாடு, தரவை வங்கியில் சேர்த்தால்தான் கட்டுரை வெளிவரும் என்று ஆய்விதழ்களே விதி செய்தன. ஆல்ஃபாஃபோல்டு பயிற்சி பெற்ற காலத்தில் அந்த வங்கியில் ஏறத்தாழ 1,70,000 வடிவங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் யாரோ படிகம் வளர்த்தோ, உறைய வைத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தோ, வேறு முறையிலோ அளந்தெடுத்தது.

இன்னொரு சேமிப்பும் உண்டு. 1965இல் மார்கரெட் டேஹாஃப் அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளைத் தொகுத்து நூலாக்கினார். இன்று அத்தகைய தொகுப்புகளில் கோடிக்கணக்கான வரிசைகள் உள்ளன. ஒரே புரதத்தின் வரிசையைப் பல உயிரினங்களில் ஒப்பிட்டால், தொலைவிலுள்ள இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தே மாறிவருவது தெரியும். மடிந்த நிலையில் அவை பக்கத்தில் இருக்கக்கூடும் என்பதற்கு அது துப்பு. ஆல்ஃபாஃபோல்டு இந்தத் துப்புகளையும் வங்கியின் வடிவங்களையும் இணைத்துக் கற்றது. 2020இல் நடந்த கணிப்புப் போட்டியில் அது மற்ற அனைவரையும் வெகுவாக முந்தியது. ஆய்வுக்கூடங்கள் கண்டறிந்து இன்னும் வெளியிடாமல் வைத்திருந்த வடிவங்களே அங்கே விடைத்தாள்.

இன்று 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வாளரின் பல மாத உழைப்பை அவை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் ஈமோகுளோபினைப் பாருங்கள். ஆக்சிஜன் சேரும்போது ஒரு வடிவம், விடும்போது வேறொரு வடிவம். இந்த மாற்றத்தால்தான் நுரையீரலில் ஏற்றிய ஆக்சிஜனைத் திசுக்களில் இறக்க முடிகிறது. அசையாத ஒற்றை வடிவத்தைக் கொண்டு இதை விளக்க முடியாது. நிலையான மடிப்பே இல்லாத புரதப் பகுதிகளும் ஏராளம். அங்கே நிரலே தன் கணிப்பில் நம்பிக்கை குறைவு என்று குறித்துக்காட்டுகிறது. ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் ஈமோகுளோபின் அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோயை உண்டாக்குகிறது. அத்தகைய சிறு மாற்றத்தின் விளைவைச் சொல்வதற்காக அந்த நிரல் பயிற்றுவிக்கப்படவில்லை.

இவற்றையெல்லாம் இனியும் அளந்துதான் அறிய வேண்டும். 2009இல் ஸ்டான்ஃபோர்டில் இயங்கத் தொடங்கிய எக்ஸ் கதிர் லேசர், ஒரு விநாடியின் கோடி கோடியில் சில பங்கே நீடிக்கும் துடிப்புகளைச் செலுத்துகிறது. படிகம் சிதைவதற்குள் படம் பதிவாகிவிடுகிறது. ஒளி பட்டதும் ஒரு புரதம் எப்படி அசைகிறது என்பதை அடுத்தடுத்த படங்களாக எடுக்கிறார்கள். அந்த முடிவுகளும் 7 வடிவங்களோடு தொடங்கிய அதே வங்கிக்குத்தான் போகின்றன. அடுத்த நிரல் புரதங்களின் அசைவைக் கற்க வேண்டுமானால் அதற்கான பாடம் அங்கே சேர வேண்டும். அதற்குப் படிகம் வளர்ப்பவர்களுக்குச் சம்பளமும் கருவியும் கொடுத்தாக வேண்டும்.