ஒல்லாந்தரின் எழுச்சியும் இறக்கமும்

அவையோருக்கு வணக்கம்.

1667 ஜூன் மாதம். ஒல்லாந்தர் எனப்படும் டச்சுக்காரர்களின் கப்பற்படை இங்கிலாந்தின் தேம்ஸ் முகத்துவாரத்துக்குள் புகுந்தது. மெட்வே ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த இரும்புச் சங்கிலியைத் தகர்த்து, உள்ளே நங்கூரமிட்டு நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல்களைக் கொளுத்தியது. அதோடு விடவில்லை. இங்கிலாந்து மன்னரின் பெயரையே தாங்கிய 'ராயல் சார்லஸ்' கப்பலைக் கைப்பற்றிக்கொண்டு ஊர் திரும்பியது. அதன் பின்புறச் சிற்பப் பலகை இன்றும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைச் செய்தது சுமார் இருபது லட்சம் மக்களே கொண்ட நாடு. பிரான்சில் அப்போது ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர். நிலத்தில் கணிசமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே. மரம் கிடையாது, இரும்பு கிடையாது, தங்களுக்குப் போதுமான தானியம்கூடக் கிடையாது. அப்படிப்பட்டவர்கள் எப்படி எழுந்தார்கள்?

மசாலாவால் என்பதுதான் நாம் படித்த பதில். அது பாதி உண்மை. அவர்களுடைய ஆதிப் பிழைப்பு ஹெர்ரிங் மீனும் பால்டிக் கடற்கரைத் தானியமும்தான். போலந்துப் பக்கத்துக் கோதுமையையும் நார்வே மரத்தையும் ஏற்றி வந்து ஐரோப்பா முழுக்க விற்றார்கள். பால்டிக் வணிகத்தைத் 'தாய் வணிகம்' என்றே அவர்கள் சொன்னார்கள். இதற்கென்றே 1590-களில் ஹோர்ன் நகரில் ஃப்ளூட் என்ற கப்பல் வகை உருவானது. பெருத்த வயிறு, குறுகிய மேல்தளம், பீரங்கி அநேகமாக இல்லை. பாய்களை இழுக்கக் கப்பிகளை நிறையப் பொருத்தியதால், அதே அளவுள்ள ஆங்கிலக் கப்பலைவிட மிகக் குறைந்த மாலுமிகளே போதும். அதே காலத்தில் சான் ஆற்றங்கரையில் காற்றாலையால் மரம் அறுக்கும் பட்டறைகள் வந்தன. கப்பல் மலிந்தது, சரக்குக் கூலி குறைந்தது. அடுத்த நாட்டு வியாபாரிகூட டச்சுக் கப்பலைத்தான் தேடினான்.

அப்புறம் வந்தது பணம். 1585-இல் ஸ்பானியர் தெற்கே இருந்த ஆன்ட்வெர்ப் துறைமுக நகரைப் பிடித்ததும், அங்கிருந்த வணிகர்களும் நெசவாளர்களும் வடக்கே ஓடி வந்தார்கள். 1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் பங்கை ஆம்ஸ்டர்டாமில் பணக்கார வணிகரும் வாங்கினார், வீட்டு வேலைக்காரியும் வாங்கினாள். 1609-இல் ஆம்ஸ்டர்டாம் வங்கி. மன்னர்கள் கடன் வாங்கிவிட்டுக் கைவிரித்த காலத்தில், டச்சு நாட்டின் முதன்மை மாகாணமான ஹாலந்து வட்டியை ஒழுங்காகக் கட்டியது. அதனால் நான்கு சதவீத வட்டிக்கே அதற்குக் கடன் கிடைத்தது. மெட்வே ஆற்றுச் சங்கிலியைத் தகர்த்ததில் சொல் தவறாத இந்த நாணயத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பேன்.

நம் கரையும் இந்தக் கணக்கில் இருக்கிறது. ஜாவாவிலும் மொலுக்கஸ் தீவுகளிலும் மிளகு, கிராம்பு விற்றவர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலத் துணி. அதற்காகத்தான் பழவேற்காட்டில் கோட்டை, பிறகு 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினம். அதே பழவேற்காட்டிலிருந்து, பஞ்சத்தில் விலைபோன நம் மக்களை அடிமைகளாகவும் ஏற்றிக்கொண்டு போனார்கள். 1621-இல் சாதிக்காய்க்காகக் கிழக்கு இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் கம்பெனியின் தலைமை ஆளுநர் கூன் நடத்திய படுகொலையில் ஒரு மக்கள்கூட்டமே ஏறக்குறைய அழிந்தது. அவர்களுடைய பொற்காலம் என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

சரி, எங்கே இறங்கினார்கள்? 'செல்வம் வந்தது, சோம்பல் வந்தது' என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஸ்பெயின் களைத்து, பிரான்சும் இங்கிலாந்தும் உள்நாட்டுக் குழப்பத்தில் கிடந்தபோது திறந்த இடத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். பெரியவர்கள் விழித்துக்கொண்டதும் அந்த இடம் சுருங்கியது. 1651-இல் இங்கிலாந்து கப்பல் சட்டம் போட்டது: பிற ஐரோப்பிய நாட்டுச் சரக்கு ஆங்கிலக் கப்பலிலோ, சரக்கு விளைந்த நாட்டின் கப்பலிலோதான் வர வேண்டும். 1667-இல் பிரான்சின் நிதியமைச்சர் கோல்பேர் சுங்கத்தைத் தாறுமாறாக உயர்த்தினார். ஊடே நின்று சரக்குச் சுமந்தவனுக்கு இது நேரடி அடி.

1672-இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஜெர்மன் பகுதிகளை ஆண்ட இரண்டு ஆயர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். நாட்டை நடத்திவந்த யோஹான் டி விட்டையும் அவர் அண்ணனையும் தி ஹேக் நகரக் கும்பல் தெருவிலேயே கொன்று சிதைத்தது. மதகுகளைத் திறந்து சொந்த வயல்களை மூழ்கடித்துத்தான் பிரெஞ்சுப் படையை நிறுத்தினார்கள். தப்பினார்கள், ஆனால் அதன்பின் நாற்பது ஆண்டு பிரான்சோடு விட்டுவிட்டுப் போர். டச்சுத் தலைவரான மூன்றாம் வில்லியம் 1689-இல் ஆங்கில அரியணை ஏறியபோது செய்த ஏற்பாட்டில், ஐந்து ஆங்கிலப் போர்க்கப்பலுக்கு மூன்று டச்சுக் கப்பல் என்று வகுத்தார்கள். தரைப்படைச் சுமையை டச்சுக்காரர் கூடுதலாக ஏற்றார்கள். கடலில் மூத்தவன் யார் என்பது அங்கேயே கைமாறிவிட்டது. 1713-இல் போர் முடிந்தபோது ஹாலந்தின் வருவாயில் பாதிக்கு மேல் வட்டிக்கே போனது.

1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா பெற்ற வெற்றிதான் அவர்களை ஒழித்தது என்று நம் பக்கம் சொல்வதுண்டு. பெருமைக்குரிய வெற்றிதான், திருவிதாங்கூர் மிளகை அவர்கள் கையிலிருந்து பறித்தது. ஆனால் நோய் வேறிடத்தில் இருந்தது. உள்ளூரில் வரியும் கூலியும் உயர்ந்து, லைடன் நகரின் நெசவு போட்டியில் தோற்றது. ஆம்ஸ்டர்டாம் செல்வந்தர்கள் தொழிலை விட்டு வட்டிக்கு மாறினார்கள். அவர்கள் பணம் லண்டனுக்குப் போய் ஆங்கில அரசின் கடன் பத்திரமானது. போட்டியாளனின் கப்பற்படைக்கு இவர்கள் பணமும் சேர்ந்து உழைத்தது. சொந்தக் கப்பற்படையோ பராமரிப்பின்றிக் கிடந்தது.

1780-இல் இங்கிலாந்து போர் தொடுத்தபோது கடலுக்கு அனுப்பத் தகுந்த போர்க்கப்பல்கள் மிகச் சில. 1781-இல் நாகப்பட்டினம் விழுந்தது, 1784 ஒப்பந்தத்தில் அது நிரந்தரமாகவே கைவிட்டுப் போனது. நொடித்துப்போன கம்பெனிக்கு ஆம்ஸ்டர்டாம் வங்கி ரகசியமாகக் கடன் கொடுத்து, தன்மேல் இருந்த பழைய நம்பிக்கையையும் இழந்தது. 1795-இல் பிரெஞ்சுப் படை உள்ளே வந்தது. 1799-இல் கம்பெனி கலைந்தது, அதன் கடனை அரசு தலையில் கட்டினார்கள். இத்தனைக்கும் 1782-இல், தோற்றுக்கொண்டிருந்த அதே போரின் நடுவே, புதிதாகப் பிறந்த அமெரிக்காவுக்கு ஆம்ஸ்டர்டாம் வங்கியாளர்கள் ஐம்பது லட்சம் கில்டர் (டச்சுப் பணம்) கடன் திரட்டிக் கொடுத்தார்கள்.