ஒனோதெரா செய்த கல்யாண கேக்

வணக்கம் நண்பர்களே. என் கையில் இருப்பது 'நிசேகோய்' என்ற மாங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், 25ஆம் தொகுதி. இதுதான் கடைசித் தொகுதி. இன்று இதன் முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்த பிறகு வாருங்கள். வீடியோ எங்கேயும் போய்விடாது.

'நிசேகோய்' என்றால் பொய்க்காதல். நாவோஷி கோமி எழுதி வரைந்தது. 2011 நவம்பரில் வாராந்தர ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கி, 2016 ஆகஸ்டில் 229ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. யாகுசா என்ற ஜப்பானிய ரவுடிக் கும்பல் ஒன்றின் தலைவருடைய மகன் ராகு. எதிர்க் கும்பல் தலைவரின் மகள் சிதோகே. இரண்டு கும்பலும் வெட்டிக்கொண்டு சாகாமல் இருக்க, இந்த இருவரும் மூன்று ஆண்டுகள் காதலர்களாக நடிக்க வேண்டும். ஆனால் ராகுவின் மனம் வேறு இடத்தில் இருக்கிறது. கூடப் படிக்கும் ஒனோதெரா மீது அவனுக்கு நடுநிலைப் பள்ளியிலிருந்தே ஆசை. ஒனோதெராவுக்கும் அவன் மீது அதே அளவு ஆசை. இரண்டு பேருக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. நமக்கு மட்டும் முதலிலிருந்தே தெரியும்.

இந்த 'நமக்கு மட்டும் தெரியும்' என்பதில்தான் வாசகர் மாட்டிக்கொள்கிறார். அவர்கள் வாய் திறக்கும் நாளுக்காக வாரம் இருபது பக்கம் வீதம் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தோம். போதாததற்கு ராகுவின் கழுத்தில் ஒரு பூட்டிய பதக்கம் தொங்குகிறது. பத்து ஆண்டுகளுக்கு முன், பெயர்கூட நினைவில்லாத ஒரு சிறுமியோடு அவன் செய்துகொண்ட சத்தியத்தின் அடையாளம் அது. சாவி அவளிடம் இருக்கிறது. சாவி வைத்திருக்கும் பெண்களோ கதையில் ஒருவருக்கு மேல் வருகிறார்கள். யார் அந்தச் சிறுமி? கடைசியில் தெரிகிறது, ஒனோதெராதான்.

அதன் பிறகும் ராகு சிதோகேவைத்தான் தேர்ந்தெடுத்தான்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தங்கை சிதோகே பக்கம், நான் ஒனோதெரா பக்கம். அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் தட்டில் ஓர் அப்பளத்தை எடுத்து வைத்தாள். அது ஆறுதல் என்று எனக்குப் புரிந்தது. அதுவும் சேர்ந்து வலித்தது.

இந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜம்ப் இதழ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வோர் இதழிலும் ஓர் அஞ்சலட்டை இருக்கும். அந்த வாரம் உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகளை அதில் குறித்து அனுப்ப வேண்டும். வாக்கு வராத புதுத் தொடர் சில மாதங்களிலேயே நின்றுவிடும். ஆக, அந்தக் கதை 229 அத்தியாயம் உயிரோடு இருந்ததே யாரோ தபால்தலை ஒட்டி அட்டை அனுப்பிக்கொண்டே இருந்ததால்தான். இதே மாங்காவின் பாத்திரங்களில் யார் அதிகப் பிரபலம் என்று நடந்த வாக்கெடுப்பு ஒன்றில், மரிகா என்ற பெண்ணுக்காக ஒரே வாசகர் சுமார் 1500 வாக்குகள் அனுப்பிய கதையை ரசிகர்கள் இன்றும் சொல்வார்கள். மரிகா ஜெயிக்கப் போவதில்லை என்பது அந்த வாசகருக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் உட்கார்ந்து அத்தனையும் எழுதியிருக்கிறார். அவரிடம் போய் 'இது வெறும் கதை' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சரி, அந்தக் கேக்குக்கு வருகிறேன்.

ஒனோதெராவின் வீட்டில் ஜப்பானிய இனிப்புக் கடை நடத்துகிறார்கள். அவள் கைவேலை அபாரம். ஓர் இனிப்பை அவள் அலங்கரித்து வைத்தால் பார்க்கக் கண் கொள்ளாது, ஆனால் வாயில் வைக்க முடியாது. சாப்பிட்டவர் முகம் நீலம் பூத்துவிடும். தொடர் முழுக்க வரும் நகைச்சுவை இது. அவள் ஆசை ஆசையாக ராகுவுக்கு எதையாவது செய்து கொண்டுவருவாள். அவனும் முகம் சுளிக்காமல் விழுங்குவான். சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம்.

கடைசி அத்தியாயத்தில் அவள் பாட்டிசியே, அதாவது கேக், இனிப்பு வகைகள் செய்யும் தொழில்முறைக் கலைஞர், ஆகியிருக்கிறாள். ராகுவுக்கும் சிதோகேவுக்கும் கல்யாணம். கேக் ஒனோதெராவின் கையால் செய்தது.

பல வாசகர்களுக்கு இது கொடுமையாகப் பட்டது. தோற்ற பெண்ணின் கையாலேயே கேக் செய்ய வைக்க வேண்டுமா என்று கொதித்தார்கள். நானும் அப்படித்தான் கொதித்தேன். சென்ற மாதம் முதல் தொகுதியிலிருந்து மறுபடி படித்துக்கொண்டு வந்தபோதுதான், நகைச்சுவை என்று நான் தாண்டிப் போன பக்கங்கள் எல்லாம் இந்தக் கேக்குக்காகக் காத்திருந்தவை என்று தெரிந்தது. வாயில் வைக்க முடியாததைச் செய்த பெண், ஊரே கூடிச் சாப்பிடும் கேக்கைச் செய்கிறாள். நடுவில் அவள் எத்தனை முறை சுவை பார்த்திருப்பாள், எத்தனை முறை கொட்டிவிட்டு மறுபடி மாவு பிசைந்திருப்பாள்! கோமி அதை வரையவில்லை. ராகு இல்லாமல் போன அந்த ஆண்டுகளில் அவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கிறது. என் கண்ணில் அவள் தோற்றவளாகவே தெரியவில்லை.

அதற்கு முன்னால் அவள் தன் காதலைச் சொல்லும் இடமும் முக்கியம். அவள் அழுதுகொண்டே சொல்கிறாள். ராகுவும் தான் அவளை நேசித்ததை மறைக்காமல் சொல்லிவிட்டு, இப்போது தன் மனம் சிதோகேவிடம் இருக்கிறது என்கிறான். முகத்துக்கு நேரே 'இல்லை' சொல்கிறான். எத்தனையோ காதல் நகைச்சுவைத் தொடர்களில் அந்த 'இல்லை' வருவதே இல்லை. ஒருத்தி வெளியூர் போய்விடுவாள், இல்லாவிட்டால் இன்னொருவன் திடீரென்று முளைப்பான்.

ஜப்பானிய வாசகர்கள் இத்தகைய பெண்களை 'மகே ஹீரோயின்' என்பார்கள். தோற்ற நாயகி. அந்தப் பெயரில் ஒரு பரிவு இருக்கிறது. எனக்குப் பிடித்த சொல் அது.

யாரையும் தோற்க விடக் கூடாது என்று எழுதப்பட்ட தொடரும் இருக்கிறது. தாய்ஷி ட்சுட்சுயியின் 'போகுபென்', 2017 முதல் 2020 வரை அதே ஜம்ப்பில் வந்தது. முழுப் பெயரைத் தமிழில் 'எங்களுக்குப் படிப்பு வராது' என்று சொல்லலாம். பள்ளி விழாவில் முதல் வாணவேடிக்கை வெடிக்கும் நொடியில் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்பது அந்தப் பள்ளியின் நம்பிக்கை. அந்த நொடியில் நாயகனைத் தொட்டது யார் என்பது நமக்குக் காட்டப்படவில்லை. 150ஆம் அத்தியாயத்தில் நீச்சல் வீராங்கனை உருகாவோடு கதை முடிகிறது. மறுபடி அந்த விழாவுக்கே திரும்பி இன்னொரு பெண்ணோடு ஒரு முடிவு, அடுத்து இன்னொருத்தி என்று மொத்தம் ஐந்து முடிவுகள், 187 அத்தியாயங்கள்.

வாசகர்கள் மீது பிரியம் இல்லாதவர் இப்படிச் செய்திருக்க மாட்டார். ஆசிரியை கிரிசுவுக்கான முடிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் மனம் நிறையவில்லை. உருகா நடுநிலைப் பள்ளியிலிருந்து அடக்கி வைத்திருந்த காதலைச் சொன்னபோது நான் அழுதேன். அடுத்த வாரமே காலம் பின்னால் போய்விட்டது. அந்தக் கண்ணீரை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டது போல இருந்தது.

என் தங்கைக்குப் பழைய தொடர்கள் புதிது என்பதால், ரூமிகோ தகாஹாஷியின் 'மெசோன் இக்கோகு' தொகுதிகளைக் கொடுத்திருக்கிறேன். 1980 முதல் 1987 வரை வந்தது, 15 தொகுதிகள். கதைக்குள்ளும் ஏறக்குறைய அதே ஏழு ஆண்டுகள் ஓடுகின்றன. நுழைவுத் தேர்வில் தோற்ற கோதாய், அவன் தங்கியிருக்கும் பழைய வீட்டை நிர்வகிக்க வரும் இளம் விதவை கியோகோ. முதல் அத்தியாயம் படித்த மாணவர் ஒருவர் முடிவைப் படிக்கும்போது வேலைக்குப் போகும் வயதில் இருந்திருப்பார். திருமணம் கேட்ட கோதாயிடம் கியோகோ ஒன்றே ஒன்று கேட்கிறாள்: ஒரு நாளாவது என்னைவிட அதிகம் உயிரோடு இரு என்று. ஒரு முறை கணவனைப் பறிகொடுத்தவள் கேட்கிறாள். அந்தப் பக்கத்தை நான் சத்தமாகப் படிக்க முயன்று முடியாமல் நிறுத்தியிருக்கிறேன்.

தங்கை இப்போது ஐந்தாம் தொகுதியில் இருக்கிறாள். கோதாய்க்கு 'வேண்டாம்' என்று சொல்லத் தெரியாததால் அவனுடைய காதலியாகவே தன்னை நினைத்துக்கொண்டிருக்கும் கோசுவே என்றொரு பெண் வருகிறாள். இந்த முறை தங்கை அவள் பக்கம். நேற்று இரவு புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அண்ணா, கோசுவே என்ன ஆவாள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய் இரண்டு அப்பளம் பொரித்துக்கொண்டு வந்து அவள் தட்டில் வைத்தேன்.