அட்டையில் பெயர் இல்லாதவர்கள்

வணக்கம் நேயர்களே. இப்போதெல்லாம் வீட்டுக்கு ஒருவராவது கொரியத் தொடர் பார்க்கிறார்கள். முதலில் பேத்தி பார்த்தாள், அப்புறம் மருமகள், இப்போது மாமியாரும் காய் நறுக்கும் பலகையோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதனால் ‘கோப்ளின்’ என்ற பெயரைச் சொன்னதுமே உங்களில் பலருக்குக் கதை தெரிந்துவிடும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2016 டிசம்பரில் கொரியாவில் தொடங்கி, அடுத்த மாதமே 16 பகுதிகளில் முடிந்த தொடர் இது. சாகா வரமே சாபமாகிப்போன ஒருவன், அவனுக்கென்று விதிக்கப்பட்ட ஒரு பெண், கூடவே உயிரை அழைத்துப்போக வரும் தூதன் ஒருவன். நம் எமதூதனைப் போல முறுக்கு மீசையும் பாசக்கயிறும் அவனுக்குக் கிடையாது. கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, கையில் ஓர் அட்டை. இறக்கப்போகிறவரின் பெயர், வயது, நாள், நேரம், காரணம் எல்லாம் அந்த அட்டையில் இருக்கும். இறந்தவரை ஒரு தேநீர் அறைக்கு அழைத்துப்போய், உட்காரச் சொல்லி, ஒரு கிண்ணம் தேநீர் கொடுப்பான். குடித்தால் இந்தப் பிறவியில் நடந்ததெல்லாம் மறந்துபோகும். அட்டை ஒன்று, தேநீர் ஒன்று. இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், என் பேச்சு முழுக்க இவைதான்.

கடைசிப் பகுதியில் அந்தப் பெண் கல்யாணம் ஆன கையோடு இறந்துபோகிறாள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் பேருந்தை நோக்கி ஒரு லாரி நிலைதடுமாறி வருகிறது. இவள் தன் காரைக் குறுக்கே நிறுத்திவிடுகிறாள். பிறகு அதே தேநீர் அறை. எல்லாருக்கும் கொடுக்கும் கிண்ணத்தை இவளிடமும் நீட்டுகிறான். இவள் குடிக்க மறுக்கிறாள். மறக்காமல் திரும்பி வருவேன் என்கிறாள்.

நான் இருப்பது பினாங்கு ஜெலுத்தோங்கில், ஒரு மாடிக் குடியிருப்பில். அங்கே நாங்கள் சிலர் சேர்ந்து இந்தத் தொடரை மலாய் சப்டைட்டிலோடு பார்த்தோம். வாசிக்க முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஆவி இருக்கிறதா இல்லையா என்று பேச நான் இங்கே வரவில்லை. அன்றைக்குத் தொலைக்காட்சியை அணைத்த பிறகு யார் யார் என்ன பேசினார்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அந்தப் பேச்சு எனக்குத் தொடரைவிடப் பெரிது.

முதலில் கோபம். "தாலி கட்டின ஈரம் காயலையே, அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டானே" என்று கதை எழுதியவரை ஒரு பாடு திட்டித் தீர்த்தார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நம் வீட்டில் அகால மரணம் நடந்தாலும் முதலில் வருவது கோபம்தானே? சாமியைத் திட்டுவோம், மருத்துவரைத் திட்டுவோம், போனவரையே திட்டுவோம். அதன் பிறகுதான் அழுகை.

எங்கள் மாடியில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார். அவருக்கு அழுகையே வரவில்லை. அந்தத் தூதன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வதுதான் தனக்குப் பிடித்தது என்றார். "வார்டுல உயிர் போனதும் திரையை இழுப்போம், டாக்டரைக் கூப்பிடுவோம், நேரத்தை எழுதுவோம், அடுத்த கட்டிலுக்கு ஓடுவோம். அவங்கள உக்காரச் சொல்ல யாரும் இல்லையே, தம்பி" என்றார். வாழ்நாளெல்லாம் அந்த வேலையைப் பார்த்தவர் சொல்கிறபோது நாம் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

அடுத்து தேநீர். நீங்களாக இருந்தால் குடிப்பீர்களா? இதில்தான் வீடே இரண்டாகப் பிரிந்தது. இளம் பிள்ளைகள் எல்லாரும் குடிக்க மாட்டேன் என்றார்கள். காதலை எப்படி மறப்பது என்பது அவர்கள் நியாயம். எங்கள் பக்கத்து வீட்டுச் சீன அம்மா, இது எங்களிடமும் உண்டு என்று மெங் போ கிழவியின் கதையைச் சொன்னார். மறுபிறவிக்குப் போகிற வழியில் பாலத்தருகே நின்று அந்தக் கிழவி சூப் கொடுப்பாள், குடித்தவருக்குப் பழசெல்லாம் மறந்துபோகும். நம் பக்கம் வைதரணி ஆறு உண்டு, சித்திரகுப்தன் கணக்கு உண்டு. கிண்ணத்தில் மறதி கொடுக்கிற வழக்கம் நான் கேட்ட கதைகளில் இல்லை. நாம் மறுபிறவியை நம்புகிறோம். மறந்துவிட்டுத்தான் பிறக்கிறோம் என்றும் எல்லாருக்கும் தெரியும். எப்படி மறந்தோம் என்று மட்டும் நாம் கேட்டுக்கொண்டதில்லை.

பேச்சு இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மகனை மோட்டார் சைக்கிள் விபத்தில் பறிகொடுத்த அம்மா ஒருவர் அதுவரை பேசாமல் இருந்தவர் சொன்னார்: "என் பிள்ளை குடிச்சிருக்கணும். ரோட்டுல கெடந்த அந்த நேரம் அவனுக்கு ஞாபகத்துல இருக்கவே கூடாது. என்னையும் சேர்த்து மறந்தாலும் பரவால்ல."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் தேநீரைப் பற்றி வாதாடவில்லை. இளம் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்துபோய் அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் சொல்ல வருவது இதுதான் நேயர்களே. அந்தத் தாயின் மகன் போய் இத்தனை நாளில், அவன் கடைசி நிமிடத்தைப் பற்றி அவரிடம் யாரும் பேசியதில்லை. நாம் பேச விடுவதில்லை. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு", "விளக்கு வைக்கிற நேரத்துல வேணாம்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். எட்டுக்குப் படைக்கிறோம், 16-ஆம் நாள் கருமக்கிரியை செய்கிறோம், பத்திரிகையில் படத்தோடு விளம்பரம் போடுகிறோம், சாப்பாடு போடுகிறோம். அத்தோடு பேச்சை நிறுத்திவிடுகிறோம். ஒரு தொடர் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது என்றால், அது கொரியாவிலிருந்து வந்தால் என்ன, எங்கிருந்து வந்தால் என்ன?

எல்லாரும் இப்படி நினைப்பதில்லை, சரி. எங்கள் கூட்டத்தில் பகுத்தறிவுப் பெரியவர் ஒருவர் உண்டு. பெரியார் 1929-இல் பினாங்கில் வந்து இறங்கியபோது வரவேற்கப் போனவர்களில் தன் தகப்பனாரும் ஒருவர் என்று பெருமையாகச் சொல்லுவார். ஆவி, ஆத்மா எல்லாம் ஏமாற்று என்பது அவருடைய உறுதியான கருத்து. தொடர் முடிந்ததும் அதைத்தான் சொன்னார். ஆனால் ஒன்று, அவர் தகப்பனார் இறந்த நாளில் ஐயர் வருவதில்லை, படையலும் இல்லை, முதியோர் இல்லத்துக்கு இரண்டு மூட்டை அரிசி போகும். ஒரு வருடமும் தவறியதில்லை. குறள் இல்வாழ்வான் பேண வேண்டியவர்களாக ஐந்து பேரைச் சொல்லும்போது தென்புலத்தாரை, அதாவது இறந்துபோன முன்னோரைத்தான், முதலில் வைக்கிறது. தெய்வத்துக்கும் முன்னால். நம்புகிறவரும் நம்பாதவரும் அந்த முதல் இடத்தை அவரவர் வழியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இது கண்ணால் பார்க்கிற விஷயம். சீனர்களின் ஏழாம் மாதத்தில் தெருமுனையில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி நடக்கும். முதல் வரிசை நாற்காலிகள் காலியாக இருக்கும், தெரியும்தானே? அவை ஆவிகளுக்கு. சின்ன வயதில் தெரியாத்தனமாக உட்காரப் போய் விரட்டப்பட்டவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இனி அட்டைக்கு வருகிறேன். சமையலறையிலிருந்து இப்போதுதான் வந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்: அந்தத் தொடரில் தூதன் கையில் ஓர் அட்டை, அதில் பெயர், நாள், நேரம்.

எங்கள் குடியிருப்பிலேயே மூத்தவர் ஒரு பாட்டி, கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தொடர் முழுக்க அமைதியாகப் பார்த்தார். எல்லாரும் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, எங்கப்பாவுக்கும் அந்த மாதிரி ஒரு அட்டை இருந்திருக்குமா? இருந்தா அதுல என்ன தேதின்னு போட்டிருக்கும்?"

அவருடைய அப்பா சயாமுக்குப் போனவர்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று பேசித்தான் ஆக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜப்பான்காரன் காலத்தில், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபர் வரை, சயாமின், அதாவது இன்றைய தாய்லாந்தின், பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் வெட்டித் தண்டவாளம் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அந்த வேலைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போனது பாதி, பிடித்து லாரியில் ஏற்றியது பாதி. அங்கே பட்டினி, மலேரியா, 1943-இல் காலரா. கைதிகளாக இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களைப் பெரும்பாலும் பொதுக்குழியில் போட்டு மூடினார்கள். பெயர் கிடையாது, தேதி கிடையாது.

என் பாட்டியும், அம்மாவைப் பெற்றவள், அப்படிக் காத்திருந்தவர்தான். தாத்தாவைத் தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கர், பட்டியலில் சேர்த்து அனுப்பினார். போர் முடிந்து ஒருவர் இருவராகத் திரும்பி வந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் பாட்டி போய் விசாரித்தாராம். ஒருவர் பார்த்தேன் என்றார், ஒருவர் ஆற்றைத் தாண்டி வேறு முகாமுக்குக் கொண்டுபோனார்கள் என்றார். செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததால் பாட்டி தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் நம் வீடுகளில் முன்னோருக்குப் படைப்போம் இல்லையா? பாட்டி மற்ற எல்லாருக்கும் வாழை இலை போடுவார். தாத்தாவுக்கு மட்டும் நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு. விளிம்பில் ஓரிடத்தில் பூச்சு உதிர்ந்து கறுப்பாக இருக்கும். அதில் சோறு, கருவாட்டுக் குழம்பு, பக்கத்தில் ஒரு மங்கில் கறுப்புக் கோப்பி. அதைப் படங்களுக்கு முன்னால் வைக்க மாட்டார், அடுப்பங்கரைத் திண்ணையில் மூடிவைப்பார். படையல் என்றால் செத்தவர் என்று ஆகிவிடும். தட்டு என்றால் வரப்போகிறவருக்கு. அந்த வித்தியாசத்தை அவர் சாகும்வரை காப்பாற்றினார். அவர் இறந்தபோது சுமங்கலியாக அனுப்புவதா வேறு மாதிரியா என்று பெண்கள் வாசலில் நின்று வெகுநேரம் தர்க்கம் செய்தார்கள். அம்மாதான் உள்ளே போய்ப் பெரிய பொட்டாக வைத்துவிட்டு, எடுங்கள் என்றார்.

எழுதி, எழுதி, இதையேதான் நான் பல காலமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தோட்டத்துப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து, யார் போனார்கள், எந்தத் தோட்டம், கூட யார் போனார்கள், கடைசியாகப் பார்த்தது யார் என்று கேட்டு எழுதுகிறேன். தொடர் பார்த்த அன்று என் கையைப் பிடித்துக் கேட்ட அந்தப் பாட்டியிடமும் மறுநாளே போனேன். அவருக்கு நினைவிருந்தது அப்பாவின் பெயர், தோட்டத்தின் பெயர், லாரி கிளம்பிய காலையில் அப்பா போட்டிருந்த காக்கிச் சட்டை. தேதி கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர் ஒரு தாளில் ஏறிவிட்டது, அவர் பேத்தியின் கையெழுத்தில். உங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பிள்ளை ஒருவர் இன்னும் இருந்தால் அவருக்கு வயது எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். தயவுசெய்து இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு எத்தனையோ பெயர்கள் போய்விட்டன. தோட்டத்தின் பெயர் மிக முக்கியம். பெயர் ஒன்றாக இருக்கும் ஆட்கள் பலர், தோட்டத்தை வைத்துத்தான் பிரித்து அறிய முடியும்.

பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. எட்டு வயதுப் பையன் ஒருவன் தொடரைப் பார்த்துவிட்டு, "ஆயாவோட அட்டை எப்ப வரும்?" என்று தன் பாட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டான். அவன் அம்மா முதுகில் ஓர் அடி போட்டார். அடிக்காதீர்கள். அவன் ஆயாவை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் கேட்கிறான். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லலாம், ஆயாவையே கூப்பிட்டும் பதில் சொல்ல வைக்கலாம். இவன் விஷயத்தில் ஆயாவே கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, "வரும்போது வரட்டும்டா, அதுவரைக்கும் நீ பள்ளிக்கூடம் போற வழியைப் பாரு" என்றார். பையன் விளையாடப் போய்விட்டான். ஆவி பயத்தில் இரவில் தூங்காத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல இருந்தது, அது இன்னொரு வாய்ப்பில். அழைத்த நிலையத்தாருக்கும் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.