பிரையன் கிளஃப் பற்றிப் பேச வந்தேன், பீட்டர் டெய்லரை விட முடியவில்லை

வணக்கம். போன வாரம் சொன்னபடி இன்று பிரையன் கிளஃப், இங்கிலாந்தின் பழைய கால்பந்து மேனேஜர், அதாவது அணியைத் தேர்ந்தெடுத்து நடத்துபவர். ஆங்கில எழுத்தைப் பார்த்து இந்தப் பெயரைப் பல வருடம் ‘கிளோ’ என்றே சொல்லித் திரிந்தவன் நான். பழைய வீடியோ ஒன்றில்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளஃப் என்றாலே எல்லோரும் அவருடைய வாயைப் பற்றித்தான் பேசுவார்கள். தொலைக்காட்சியில் பேசியது, பத்திரிகையில் ஏசியது, நிர்வாகிகளை மட்டம் தட்டியது. ஆனால் அந்த வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஜோடிக் கண் இருந்தது. அந்தக் கண் அவருடைய உதவியாளர் பீட்டர் டெய்லருடையது. அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிக் கதைதான் வரும்.

கிளஃப் 1935-இல் மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். அந்த ஊர் அணிக்கே ஆடினார். லீக் போட்டிகளில் மட்டும் 213 ஆட்டங்களில் 197 கோல். இதை நான் இரண்டு முறை சரிபார்த்தேன். எல்லாம் இரண்டாம் டிவிஷன்தான், அதாவது லீக்கின் மேலிருந்து இரண்டாவது அடுக்கு, இருந்தாலும்! அவர் முன்னால் போட்டதை அணியின் தற்காப்பு பின்னால் விட்டுக்கொண்டிருந்தது. 1960-இல் சார்ல்டன் அணியுடன் ஆட்டம் 6-6 என்று முடிந்தது. கிளஃப் மூன்று கோல் அடித்தார், அதற்கும் கிடைத்தது ஒரு டிராதான். கோபம் வராமல் இருக்குமா? கோபத்தை அவர் மறைக்கவும் இல்லை. கடைசியில், இவர் எங்களுக்குக் கேப்டனாக வேண்டாம் என்று சக வீரர்களே கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தார்கள்.

அதே அணியில்தான் டெய்லர் கோல்கீப்பராக இருந்தார். கிளஃப் முதல் அணியில் இடம் கிடைக்காமல் வரிசையில் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே, இந்தப் பையன் பெரிய ஆள் ஆவான் என்று சொன்னவர் அவர். நானும் கல்லூரி அணியில் கோல்கீப்பராக இருந்தவன். பெரும்பாலும் பெஞ்சில்தான், சிரிக்காதீர்கள். கோல் கம்பத்தின் அருகே நிற்பவனுக்குப் பத்துப் பேருடைய முதுகும் தெரியும். யார் உண்மையாக ஓடுகிறான், யார் ஓடுவதுபோல் நடிக்கிறான் என்பதெல்லாம் அங்கிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். டெய்லருக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை.

1961-இல் கிளஃப் சண்டர்லாந்துக்குப் போனார். 1962 டிசம்பர் 26, உறைந்து கிடந்த மைதானம், பரி அணியுடன் ஆட்டம். பந்தைத் துரத்திப் போனவர் எதிரணிக் கோல்கீப்பருடன் மோதி விழுந்தார். முழங்கால் தசைநார் அறுந்துபோனது. இன்று அதற்கு அறுவை சிகிச்சை செய்து, ஒரு வருடத்துக்குள் மைதானத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்று அதுதான் முடிவு. 1964-இல் மூன்று ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார், முடியவில்லை. மொத்தக் கணக்கு: 274 லீக் ஆட்டங்கள், 251 கோல். இங்கிலாந்துக்காக ஆடியது இரண்டே முறை. 29 வயதில் வேலை போய்விட்டது.

30 வயதில், 1965-இல், ஹார்ட்டில்பூல்ஸ் யுனைடெட் அணிக்கு மேனேஜர் ஆனார். நான்காம் டிவிஷனின் அடிமட்டத்தில் கிடந்த கிளப். கையில் காசு கிடையாது. சம்மதித்த கையோடு டெய்லரைக் கூப்பிட்டார். உதவி மேனேஜர் என்று ஒரு பதவி வைத்துக்கொள்ள அந்தக் கிளப்புக்கு வசதி இல்லை. அதனால் டெய்லர் ‘ட்ரெயினர்’ என்ற பெயரில் வந்து தண்ணீர் வாளியும் பஞ்சும் தூக்கினார். கிளஃப் அணியின் பஸ்ஸை ஓட்டவே லைசென்ஸ் எடுத்தார். அங்கே ஜான் மெக்கவர்ன் என்றொரு பள்ளிக்கூடப் பையன் கிடைத்தான். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967-இல் இருவரும் டெர்பிக்குப் போனார்கள். இரண்டாம் டிவிஷன் அணி. 1969-இல் மேலே வந்தது, 1972-இல் இங்கிலாந்துச் சாம்பியன். அந்தக் கடைசி நாள் எனக்குப் பிடித்த காட்சி. டெர்பி தன் ஆட்டங்களை எல்லாம் முடித்துவிட்டது. லீட்ஸ், லிவர்பூல் இரண்டுக்கும் இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. டெர்பி வீரர்கள் மயோர்க்காவில் வெயில் காய்கிறார்கள், கிளஃப் குடும்பத்தோடு ஸில்லி தீவுகளில் இருக்கிறார். லீட்ஸ் தோற்றது, லிவர்பூல் டிரா செய்தது. விடுமுறையில் இருந்தபடியே கோப்பை வந்து சேர்ந்தது.

அடுத்த வருடமே கிளப் தலைவருடன் மோதல். தொலைக்காட்சியில் அதிகம் பேசுகிறீர்கள் என்பது புகார். 1973 அக்டோபரில் இருவரும் சேர்ந்தே ராஜினாமா செய்து பிரைட்டனுக்குப் போனார்கள். அங்கே சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு 1974, லீட்ஸ். வருடக்கணக்காக எந்த அணியைத் திட்டினாரோ அந்த அணிக்கே மேனேஜர். டெய்லர் வரவில்லை, பிரைட்டனிலேயே தங்கிவிட்டார். லீட்ஸ் வீரர்களிடம், உங்கள் பதக்கங்களையெல்லாம் குப்பையில் போடுங்கள், நேர்மையாக ஜெயித்தவை அல்ல என்று கிளஃப் பேசியதாகச் சொல்வார்கள். 44 நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இதைப் பலர் திமிரின் தண்டனை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. திமிர் டெர்பியிலும் இருந்ததே? அங்கே ‘பிரையன், போதும், வா’ என்று சொல்லி அறையை விட்டு வெளியே அழைத்துப்போக ஓர் ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

1975 ஜனவரியில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட். முதல் ஒன்றரை வருடம் அவர் தனியாக. 1975-76 முழுப் பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் எட்டாவது இடம். 1976-இல் டெய்லர் வந்தார். 1977-இல் மேல் டிவிஷன். 1978-இல் சாம்பியன். 1979-இல் ஐரோப்பியக் கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீக். 1980-இல் மறுபடியும் ஐரோப்பியக் கோப்பை. இந்த நான்கு வருடத்தைப் பற்றி மட்டும் நான்கு வீடியோ போடலாம், நீங்கள்தான் தாங்கமாட்டீர்கள்.

டெய்லர் செய்தது என்ன? கென்னி பர்ன்ஸ் என்று பர்மிங்காமில் ஒரு முரட்டு முன்கள வீரர். குடி, சூதாட்டம் என்று பெயர் கெட்டிருந்தது. டெய்லர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நாய்ப் பந்தயத் திடலுக்குப் போய், அவர் எவ்வளவு பணம் கட்டுகிறார் என்று ஒளிந்து நின்று பார்த்தார். பயப்படும் அளவுக்கு இல்லை என்று தெரிந்ததும் வாங்கி, பின்களத்தில் நிறுத்தினார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த வீரராகக் கால்பந்து நிருபர்கள் தேர்ந்தெடுத்தது பர்ன்ஸைத்தான். கேரி பர்ட்டில்ஸ் இன்னொருவர். லாங் ஈட்டன் என்ற சிற்றூர் அணியிலிருந்து 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அவருடைய ஆட்டத்தைவிட இடைவேளையில் குடித்த போவ்ரில் சூப் நன்றாக இருந்தது என்று கிளஃப் கேலி செய்தார். 1978 செப்டம்பரில், நடப்பு ஐரோப்பியச் சாம்பியன் லிவர்பூலுக்கு எதிராக அதே பர்ட்டில்ஸ் கோல் போட்டார். லிவர்பூல் முதல் சுற்றிலேயே வெளியே.

ஜான் ராபர்ட்சன் ஏற்கெனவே அணியில் இருந்தவர். தொப்பையும் சிகரெட்டுமாக, யாராவது கேட்டால் விற்றுவிடலாம் என்ற பட்டியலில் கிடந்தார். அவர் இடது ஓரத்தில் விங்கராக நிலைபெற்றார். 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், மியூனிக்கில், மால்மோ அணிக்கு எதிராக அவர் தூக்கிப் போட்ட பந்தைத் தலையால் உள்ளே தள்ளியவர் ட்ரெவர் ஃபிரான்சிஸ், பிரிட்டனின் முதல் 10 லட்சம் பவுண்ட் வீரர். மறு வருட இறுதி ஆட்டத்தில், மாட்ரிட்டில், ஹாம்பர்க் அணிக்கு எதிரான ஒரே கோல் ராபர்ட்சனுடையதே. இரண்டு கோப்பைகளையும் கேப்டனாக வாங்கியவர் யார் தெரியுமா? ஹார்ட்டில்பூல்ஸ் பையன் மெக்கவர்ன். டெர்பி, லீட்ஸ், ஃபாரஸ்ட் என்று கிளஃப் போன இடமெல்லாம் போனவர்.

டெய்லர் 1982-இல் ஓய்வு என்று சொல்லி விலகினார். சில மாதங்களில் டெர்பிக்கே மேனேஜராகத் திரும்பினார். 1983 கோடையில், கிளஃப் நிதி திரட்டும் நடைப்பயணம் ஒன்றில் இருந்தபோது, ஒரு வார்த்தை சொல்லாமல் ராபர்ட்சனை டெர்பிக்கு எடுத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. நாட்டிங்காம், டெர்பி இரண்டு ஊருக்கும் நடுவே ஏ-52 நெடுஞ்சாலை. அதில் டெய்லர் கார் பழுதாகி நின்றால் ஏற்றிக்கொள்ள மாட்டேன், மேலே ஏற்றுவேன் என்ற பொருளில் கிளஃப் பத்திரிகையில் எழுதினார்.

டெய்லர் இல்லாமல் கிளஃப் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1989, 1990 இரண்டிலும் லீக் கோப்பையை (லீக் பட்டம் அல்ல, தோற்றால் வெளியேறும் தனிப் போட்டி) வென்றார். டெய்லர்தான் தனியாகத் தடுமாறினார். ஆனால் லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ கிளஃப்பின் கைக்கு மறுபடி வரவில்லை. 1993-இல் அணி கீழிறங்கியது, அவர் விலகினார். குடி அவரைத் தின்றுகொண்டிருந்தது.

1990 அக்டோபரில் மயோர்க்காவில் டெய்லர் இறந்தார். இருவரும் அதுவரை சமாதானம் ஆகவில்லை. இறுதிச் சடங்குக்குக் கிளஃப் போனார். பின்னால் எழுதிய தன்வரலாற்றை டெய்லருக்கே சமர்ப்பித்தார். நான் இல்லாவிட்டால் உன் வாழ்க்கையில் இவ்வளவு சிரிப்பு இருக்காது என்று நீ சொன்னாயே, அது சரிதான் என்று எழுதியிருக்கிறார்.

2004-இல் கிளஃப்பும் போய்விட்டார். அந்த ஏ-52 சாலைக்கு இன்று அவர் பெயர். நாட்டிங்காம் நகர மையத்தில் இருக்கும் சிலையில் அவர் தனியாக நிற்கிறார். டெர்பி மைதானத்துக்கு வெளியே இருக்கும் சிலையில் இரண்டு பேர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், இருவரும் தெரியும்படி.