கரைப்பான் திரும்பி வந்த வழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு குழந்தை இருமி இருமிக் கடைசியில் ஒன்றைத் துப்புகிறது. எடுத்துத் தண்ணீரில் அலசினால் சிறு மரக்கிளை போல விரிகிறது. மூச்சுக்குழாய்க்குள் வார்த்தெடுத்த அச்சு அது. பிறவி இதயக் கோளாறுக்காக ஃபான்டன் அறுவை சிகிச்சை செய்துகொண்ட குழந்தைகளில் சிலருக்கு இப்படி நேர்வதுண்டு. பெயர், பிளாஸ்டிக் பிராங்கைட்டிஸ். பிளாஸ்டிக்குக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அந்த அச்சில் சளி மட்டும் இல்லை, ஃபைப்ரினும் இருக்கிறது. காயத்தில் இரத்தம் உறையும்போது வலையாகப் பின்னிக்கொள்ளும் அதே புரத இழைதான். போரில் பயன்பட்ட நச்சான கடுகு வாயு, தீப்புகை போன்றவை மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கினாலும் இரத்தத்தின் நீர்ப்பகுதி உள்ளே கசிந்து இப்படி உறையும்.

அப்படியானால் மாரடைப்புக்குப் போடும், இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து இங்கும் உதவுமா? இந்தக் கேள்வி புதிதுபோலத் தோன்றும். ஆனால் பழைய கதையைப் பாருங்கள். 1933-இல் டில்லெட், கார்னர் என்ற இருவர், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியிலிருந்து வரும் பொருள் இரத்தக் கட்டியைக் கரைப்பதைக் காட்டினார்கள். பின்னாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் பெற்றது அதுதான். 1940-களின் இறுதியில் டில்லெட்டும் ஷெர்ரியும் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தபோது இரத்தக் குழாயில் ஏற்றவில்லை; நுரையீரலைச் சுற்றிய உறையில் தேங்கிக் கெட்டிப்பட்டதைக் கரைக்கவே செலுத்தினார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் அது போனது பிறகுதான். டி.பி.ஏ. என்ற இன்னொரு கரைப்பு மருந்து வகையைச் சேர்ந்த ஆல்டிபிளேஸுக்கு அமெரிக்காவில் மாரடைப்புக்கு 1987-இலும் பக்கவாதத்துக்கு 1996-இலும் அனுமதி கிடைத்தது.

இடையில் ஒன்று. 'இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' கட்டியைக் கரைக்காது. மேலும் உறையாமல் தடுக்கும், அவ்வளவே. ஹெப்பாரின் என்ற ஊசி மருந்தும் அப்படித்தான்.

கரைப்பு மருந்தை இரத்தக் குழாயில் ஏற்றினால் உடலெங்கும் ஓடும், மூளையில் இரத்தம் கசியும் அபாயம் உண்டு. மூச்சுக்குழாய்க்குள்ளேயே விட்டால் பெரும்பாலும் அங்கேயே வேலை செய்யும். கடுகு வாயு போன்ற நச்சால் மூச்சுக்குழாய் அடைபட்ட எலிகளுக்கு இப்படி டி.பி.ஏ. கொடுத்தபோது பிழைத்தவை கூடின. பிளாஸ்டிக் பிராங்கைட்டிஸ் உள்ள குழந்தைகள் சிலருக்கு மருந்தை நுண்துளிகளாக்கும் நெபுலைசர் கருவி வழியாகவும் தருகிறார்கள். நோய் அபூர்வம் என்பதால் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம்.

எனக்கு இதில் சுவையான சிக்கலாகப் படுவது வேறு. நுண்துளிகளாகத் தரும் மருந்து காற்று போகும் பக்கம்தான் போகும். முழுதும் அடைத்த கிளைக்குள் காற்றே போவதில்லையே! அதனால்தான் சில சமயம் மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் குழாய்க் கருவியான பிராங்கோஸ்கோப்பை உள்ளே நுழைத்து, மருந்தைத் திரவமாகவே அடைப்பின் மேல் விட்டு, இளகியதைப் பிடித்து இழுக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.