160 டாலர் வென்றேன், 20 டாலர் தோற்றேன்

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு போக்கரில் நாலாயிரமாவது கையை, அதாவது நாலாயிரமாவது சுற்றை, முடித்துவிட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் நான் கணக்கெழுதும் பச்சை நோட்டு உங்களுக்குத் தெரியும். இதோ, கடைசிப் பக்கம். 50 சென்ட், 1 டாலர் என்று பெட் (பந்தயத் தொகை) நிலையாக உள்ள லிமிட் ஹோல்டெம் போக்கர், எதிரே ஒரே ஒருவர். எதிராளிகளிடமிருந்து எடுத்தது 160 டாலர். ரேக்கில், அதாவது ஆட்டத்தை நடத்துபவர் பந்தயப் பணத்திலிருந்து எடுக்கும் வெட்டில், என் பங்காகப் போனது 180. ஆகமொத்தம் 20 டாலர் நஷ்டம். எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

அந்த ஒரு கையைச் சொல்லியே ஆக வேண்டும். மேசையில் விழுந்த ஐந்து பொதுச் சீட்டுகளே ஸ்ட்ரெய்ட் (வரிசையான ஐந்து சீட்டுகள்). எங்கள் கைச்சீட்டுகளுக்கு வேலையே இல்லை. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 4 டாலர். ஆளுக்கு 2 போட்டிருந்தோம். பிரித்தபோது ஆளுக்கு 1 டாலர் 90 சென்ட் வந்தது. யாரும் யாரையும் வெல்லவில்லை, இருவருமே 10 சென்ட் தோற்றோம்! நான் அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துச் சென்ட் அற்பம் என்று தோன்றும். ஒரு டாலர் பெட்டில் அது பத்தில் ஒரு பங்கு.

கணக்கு இதுதான். ரேக் 5 சதவீதம், உச்சவரம்பு 50 சென்ட். சராசரி பாட் 3 டாலர் என்றால் 15 சென்ட் போகிறது. இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன்: ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டுகள்) வராமல் முடிந்த கைக்கு ரேக் கிடையாது. எனக்கு நூறில் அறுபது கைகள் ஃப்ளாப் பார்த்தன. ஆக நூறு கைகளுக்கு 9 டாலர், என் பாதி 4.50. அதாவது நூறு கைகளில் நாலரை பெரிய பெட் (1 டாலர் பெட்) அளவுக்கு எதிராளியைவிட நன்றாக ஆடினால்தான் நான் போட்ட பணமாவது திரும்பும். நான் எடுத்தது நான்கு.

இதே வரம்பு 10, 20 டாலர் மேசையில் இருந்தால்? அங்கே பாட் 60 டாலரானாலும் வெட்டு 50 சென்ட்தான். நூறு கைகளுக்கு என் பங்கு 15 டாலர், முக்கால் பெட். பெட் கணக்கில் பார்த்தால், சின்ன மேசையில் ஆடுகிறவரிடம்தான் ஆறு மடங்கு பிடுங்குகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் போக்கர் ஆடும் கணினி நிரலான செஃபியஸைப் பற்றி முன்பே பேசியிருக்கிறேன். இந்த ஆட்டத்தைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 2015இல் அறிவித்தார்கள். டீலர் இடத்துக்குச் சிறு சாதகம் உண்டு, அது கைக்குக் கை மாறுவதால் நேராகிவிடும். ஆனால் ரேக் உள்ள மேசையில் இரண்டு செஃபியஸ்களை உட்கார வைத்தால் இரண்டுமே தோற்கும். ஆகவே நம் திறமை மட்டும் போதாது. எதிரே இருப்பவர் தப்பாக ஆட வேண்டும், அதுவும் நிறைய.

அப்படி ஒருவர் எனக்குக் கிடைத்தார்! எதை வைத்திருந்தாலும் ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை கால் செய்வார், அதாவது என் பெட்டுக்கு ஈடாகப் போட்டுக்கொண்டே இருப்பார். அவரிடம் மட்டும் 600 கைகளில் 66 டாலர், நூறுக்குப் பதினொன்று. ரேக் போயும் ஆறரை நிற்கிறது. ஓ, மறந்தே போனேன்: டீலராக இருக்கும்போது வெறும் கால் செய்து நுழைவதை நிறுத்திவிட்டேன். ரெய்ஸ் (பெட்டை உயர்த்துவது), இல்லையென்றால் ஃபோல்ட் (கையை விட்டுவிடுவது). ரெய்ஸுக்கு அவர்கள் ஃபோல்ட் செய்தால் பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே போடும் கட்டாயப் பணம்) முழுதாக வருகிறது, ஒரு சென்ட்கூட வெட்டு இல்லை.

அடுத்த நாலாயிரம் கைகளை இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதப்போகிறேன்: எப்போதும் கால் செய்கிறவர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம். நன்றாக ஆடுகிறவர் எதிரே வந்தால் இருபதே கைகளில் எழுந்துவிடுவேன்.