சுவர் எழுப்பியவர்களுக்கு ஒரு விருந்து

(தற்காலக் கலைக்குத் துணைநின்றவர்களைப் பாராட்டிச் சென்னையில் நடந்த நிதி திரட்டும் விருந்தில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, அன்பொழுக வரவேற்ற செயலாளர் அம்மையார் அவர்களே, அரசு கவின்கலைக் கல்லூரியிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, கலைக்கூட உரிமையாளர்களே, ஒவ்வொரு மேசையையும் நன்கொடையால் நிரப்பியிருக்கும் புரவலர்களே, எல்லோருக்கும் மேலாக இன்று பொன்னாடை பெறவிருக்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். உடல்நலம் இடம் கொடுக்காதபோதும் முதல் வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த ஓவியர் அய்யாவுக்குத் தனி வணக்கம்.

மூன்று செய்திகளைச் சொல்ல எழுந்திருக்கிறேன். ஒன்று, கொடை. இரண்டு, படைப்புகளைக் கெடாமல் பாதுகாப்பது. மூன்று, பள்ளிக்கூடம். மூன்றையும் கட்டிவைக்க ஒரு பழமொழி போதும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்.

இன்றைய பாராட்டுப் பட்டியலைப் பார்த்து நெஞ்சு நிறைந்தது. படம் வாங்கியவர்களோடு, படங்களுக்குச் சட்டமிட்ட பெரியவரும், வெண்கலம் வார்த்த பட்டறைக்காரரும் இருக்கிறார்கள். கொடை என்றால் காசோலை மட்டும்தான் என்று எண்ணும் ஊரில் இது பெரிய காரியம். சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இளைஞர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள்.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு 1957இல் முதல்வரானார் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் மனத்தை அரித்த கவலை ஒன்றுதான்: படித்து முடித்துப் போகும் பிள்ளைகள் எதைக்கொண்டு வாழ்வார்கள்? அந்தக் காலச் சென்னையில் புதுப்பாணி ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கையில் திறமை இருக்கும், வீட்டில் அரிசி இருக்காது. எங்கோ ஒரு வேலையில் சேர்வார்கள், தூரிகை காய்ந்துபோகும். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் யாரிடமும் கையேந்தவில்லை. மெழுகு காய்ச்சினார்கள். துணியில் மெழுகால் கோடிழுத்துச் சாயத்தில் முக்கி எடுக்கும் பாத்திக் வேலையில் இறங்கினார்கள். ஓவியம் விற்காத ஊரில் அந்தத் துணிகள் விற்றன! கைவினைப் பொருள் விற்றுச் சேர்த்த பணத்தைக்கொண்டு 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகிறவர்கள் அன்றைய இடத்தைக் கற்பனை செய்துபார்க்க வேண்டும். மணல், சவுக்கு, குடிசை. வயிற்றுக்குக் கைவினை, மற்ற நேரமெல்லாம் தம் கலை என்று வாழ்ந்தார்கள். கனவுக் கோட்டைகளையும் விசித்திரப் பறவைகளையும் வரைந்த ராமானுஜம் அங்கேதான் வாழ்ந்து, 1973இல் இளம் வயதிலேயே மறைந்தார். ஜானகிராமும் நந்தகோபாலும் உலோகத்தைத் தட்டி வடித்த உருவங்கள் உலகம் சுற்றின. 2009இல் அங்கே பணிக்கர் பெயரிலேயே அருங்காட்சியகமும் வந்தது.

தற்காலக் கலைக்கு இந்த ஊரில் முதல் பெருங்கொடை தந்தவர்கள் அந்தக் கலைஞர்களே என்பேன். சுவரையும் எழுப்பிச் சித்திரத்தையும் எழுதியவர்கள் அவர்கள்.

பாதுகாப்பைப் பற்றி எனக்குப் பின் பேசவிருக்கும் வல்லுநர் விரிவாகச் சொல்வார். கடற்காற்றின் உப்பு தாளையும் உலோகத்தையும் தின்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

என் மனம் முழுவதும் மூன்றாவது செய்தியில் இருக்கிறது. திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்த பையன் ஒருவன் சென்னைக்கு வந்து, சிற்பி தனபாலின் அரவணைப்பில் கலை பயின்று, காந்தியைக் கோடுகளாலேயே நூறு விதமாக எழுதிக் காட்டினான். அவர்தான் ஆதிமூலம். அடுத்த ஆதிமூலம் இப்போது எந்த ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறானோ, உட்கார்ந்திருக்கிறாளோ! அந்தக் குழந்தையின் கையில் வண்ணக்கோலைக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியம். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. ஊதியம் பிறகு உயர்ந்தது. ஆனால் பணிநிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாளில் கண்ணுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியுமா? கணக்குக்கும் அறிவியலுக்கும் இருக்கும் மதிப்பு ஓவிய வகுப்புக்கு ஏன் இல்லை? கலைக்கூடம் எவ்வளவு கட்டினாலும் அதில் நுழைந்து நின்று பார்க்கும் கண்கள் பள்ளியில்தான் உருவாகின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவர், ஓவிய ஆசிரியர்.

ஆகவே விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். இன்றைய ஏலத்தில் சேரும் தொகையில் ஒரு பங்கை அரசுப் பள்ளி ஓவிய வகுப்புகளுக்குத் தாளும் வண்ணமும் வாங்க ஒதுக்குங்கள். ஆசிரியர்களை முழுநேரப் பணியில் அமர்த்தக் கோரும் மனுவை வாயில் அருகே மேசையில் வைத்திருக்கிறோம். புரவலர்களின் கையெழுத்துக்கு அரசு அலுவலகங்களில் எடை உண்டு. ஏலம் தொடங்குவதற்கு முன் அதில் கையெழுத்திட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.